முதல் தடவையே கடைசித் தடவை
கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே வாசலில் நிற்கின்றன. பயிற்சியில் பறக்கிற பிள்ளை, போட்டியில் ஏன் தடுமாறுகிறது? ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறவர்கள், கற்பிக்கிறவர்கள், கூடத்துக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு காத்திருக்கிறவர்கள் என மூன்று தரப்பும் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு தாய், திருநெல்வேலி: என் மகள் பயிற்சியில் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் செய்கிறாள். போட்டி என்றால் விழுந்துவிடுகிறாள். ஏன்?

பதில் உங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது அம்மா. பத்துக்கு ஒன்பது என்றால் ஒரு தடவை விழுகிறாள். கூடத்தில் விழுந்தால் எழுந்து மறுபடி செய்கிறாள், அந்த வீழ்ச்சியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். போட்டியில் மறுபடி என்பது கிடையாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அசைவையும் நூற்றுக்கு 90 தடவை சரியாகச் செய்கிறவள், அப்படிப்பட்ட ஐந்து அசைவுகளை ஒரே கோவையாகச் செய்தால், ஐந்தும் பிசகாமல் அமைவது ஏறத்தாழ நூற்றுக்கு 59 தடவைதான். பயம், படபடப்பு எதையும் சேர்க்காத வெறும் பெருக்கல் இது. ஆக, மகளிடம் கேட்கவேண்டிய கேள்வி, “பத்தில் எத்தனை சரி?” என்பதல்ல. “இன்றைக்கு முதல் தடவை எப்படி வந்தது?” என்பதுதான். போட்டி பார்ப்பது அந்த முதல் தடவையை மட்டும்.

கல்லூரி மாணவர், கோவை: எல்லாம் கணக்குதானா? பயத்துக்குப் பங்கே இல்லையா?

உண்டு. ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. பயத்தில் பலம் குறைந்துபோகும் என்று நினைக்கிறோம். பல சமயம் பலம் கூடிவிடுவதுதான் சிக்கல். அட்ரினலின் சுரந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓட்டம் வழக்கத்தைவிட வேகம், எழும்பல் வழக்கத்தைவிட உயரம். குட்டிக்கரணம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் சுற்றிவிடுகிறது. கால் ஒரு எட்டு முன்னே போகிறது.

அளந்து உப்புப் போட்ட குழம்பில் இன்னொரு கை உப்பு விழுந்தது போலத்தான். உப்பு கெட்ட பொருளல்ல, அளவுதான் தவறிவிட்டது. அந்தக் கூடுதல் வேகத்தோடும் பழகியிருந்தால் அதுவே வரமாகும்.

மென்பொருள் பொறியாளர், சென்னை: உடல் சரி. அந்த நேரத்தில் மூளை என்ன செய்கிறது?

வேண்டாத வேலை செய்கிறது. மாடிப்படி இறங்கும்போது, எந்தக் கால் எந்தப் படியில் என்று கவனித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுக்கும். பழகிப்போன செயலைக் கை, கால்களே பார்த்துக்கொள்ளும். “இது முக்கியமான தருணம்” என்று தோன்றியதும் மனம் நடுவில் புகுந்து மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் சியான் பைலாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கால்பந்து வீரர்களைப் பந்தைத் தட்டியபடி கூம்புகளுக்கு இடையே வளைந்து ஓடச் சொன்னார்கள். பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்பதையும் கவனிக்கச் சொன்னபோது, தேர்ந்த வீரர்களின் வேகம் குறைந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அந்தக் கவனம் உதவியாக இருந்தது. கற்கும் காலத்தில் துணையாக இருந்த கவனமே, கற்று முடித்தபின் காலில் சிக்கும் கயிறாகிறது. போட்டி மேடையில் நன்றாகத் தெரிந்தவர்கள் தடுமாறுவதன் காரணங்களில் இது முக்கியமானது.

பள்ளி மாணவி, மதுரை: அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கே அப்படி நடந்ததே! அதுவும் பதற்றம்தானா?

அது வேறு, மகளே. 2021 ஜூலை 27, டோக்கியோ ஒலிம்பிக் அணி இறுதிப்போட்டி. வால்ட் என்ற தாவல் மேடையிலிருந்து எழும்பி, காற்றில் உடலைத் திருகி இரண்டரை ட்விஸ்ட் சுற்றுவது திட்டம். ஒன்றரையிலேயே உடல் நின்றுவிட்டது. முழங்கால்களை ஆழமாக மடக்கி, முன்னே ஒரு பெரிய எட்டு வைத்துத்தான் அவரால் நிற்க முடிந்தது. மதிப்பெண் 13.766. அத்தோடு அந்தப் போட்டியிலிருந்து விலகினார்.

ஜிம்னாஸ்டுகள் அதை ‘ட்விஸ்டீஸ்’ என்கிறார்கள். காற்றில் இருக்கும்போது தரை எந்தப் பக்கம், எத்தனை சுற்று முடிந்தது என்பது உடலுக்குத் தெரியாமல் போய்விடும் நிலை அது. கண்ணைக் கட்டி மாடியிலிருந்து குதிக்கச் சொல்வதற்குச் சமம். தைரியம் சொல்லி இதைத் தாண்டவைக்க முயல்வது கழுத்து எலும்போடு விளையாடுவது. அவர் நிறுத்தியது கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதை முழுமையாக மறுக்கிறேன். அன்று அந்த அரங்கில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அது.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, கடைசியில் இறங்கும் அசைவை ட்விஸ்ட் இல்லாதபடி மாற்றிக்கொண்டு, பீம் என்ற ஒடுங்கிய கட்டையில் ஏறி வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம். நிறுத்தத் தெரிந்ததால்தான் திரும்பி வர முடிந்தது.

வங்கி ஊழியர், ஈரோடு: டோக்கியோவில் பார்வையாளர்களே இல்லையே. கூட்டம் இருந்தால் கெடுமா, இல்லாவிட்டால் கெடுமா?

கரப்பான்பூச்சியைக் கேட்போம். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1969இல் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டு, வேடிக்கை பார்க்கவும் கரப்பான்பூச்சிகளையே வைத்தார்கள். நேர்ப்பாதையில் ஓடிய பூச்சி, சபை இருந்தபோது வேகமாக ஓடியது. திரும்பிப் போகவேண்டிய சிக்கலான பாதையில் ஓடிய பூச்சி, சபை இருந்தபோது தாமதித்தது.

சயான்ஸ் 1965இலேயே சொன்ன கருத்துதான் இது. நமக்குள் எது மேலோங்கி நிற்கிறதோ, அதைச் சபை இன்னும் மேலே தூக்கிவிடும். ஊறிப்போன பயிற்சி என்றால் மெருகு கூடும். அரைகுறை என்றால் பிழை கூடும். கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது நம்மிடம் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி.

அதே வாசகர்: அப்படியானால் அமைதியான அரங்கு நல்லதுதானே?

பழகாத அமைதியும் ஒரு சத்தம்தான். 2024 ஆகஸ்ட் 5, பாரிஸ் பெர்சி அரங்கில் பெண்கள் பீம் இறுதிப்போட்டி. வழக்கமான போட்டிகளில் ஒரு பக்கம் பீம் நடக்கும்போது மறுபக்கம் ஃப்ளோர் என்ற தரைப் பயிற்சிக்கான இசை ஓடிக்கொண்டிருக்கும். தனிக் கருவி இறுதியில் பீம் மட்டும்தான், இசை கிடையாது. சுனி லீ விழுந்தார், பைல்ஸும் விழுந்தார். அந்த அமைதி விசித்திரமாக இருந்தது என்றும், இசை போடும்படி கேட்டும் போடவில்லை என்றும் போட்டிக்குப் பிறகு சொன்னார்கள். தங்கம் இத்தாலியின் அலிசே டமாட்டோவுக்குப் போனது. உலகத்தின் சிறந்த கால்களும், பழகிய ஓசை இல்லாத இடத்தில் தடுமாறக் கூடும். ஆகவே சத்தத்திலும் பயிற்சி வேண்டும், அமைதியிலும் பயிற்சி வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர், சேலம்: பீம் எங்கும் ஒரே அளவுதானே? பயிற்சிக் கூடத்துக்கும் போட்டிக்கும் அப்படி என்ன வேறுபாடு?

அளவு ஒன்றுதான். அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். மாறுவது அதைச் சுற்றியுள்ள எல்லாமும்தான்.

கூடத்தில் நுரைக் குழி இருக்கிறது, கூடுதல் மெத்தை இருக்கிறது, பக்கத்தில் பயிற்சியாளரின் கை இருக்கிறது. உடல் சூடாக இருக்கும்போதே முறை வருகிறது. போட்டியில் பீமைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கு 30 விநாடி என்பது வழக்கம். அதற்குப்பின் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பை அருகிலிருந்து பாருங்கள். முன்னால் ஆடியவளின் மதிப்பெண் இன்னும் வரவில்லை. இவள் சாக் பவுடர் பூசிய கையைத் தொடையில் தட்டுகிறாள், மறுபடி பூசுகிறாள். சூடான தசை ஆறுகிறது. கண் நடுவர் மேஜையிலேயே இருக்கிறது. சைகை வருகிறது. கையை உயர்த்தி வணக்கம் வைக்கிறாள். ஏற அரை நிமிடம்தான் அவகாசம். தினமும் நூறு தடவை ஏறிய கட்டைதான். ஆனால் இப்படி ஆறிப்போன உடம்போடு, நின்று காத்திருந்து ஏறியது எத்தனை தடவை? பெரும்பாலும் பூஜ்யம். நாம் பயிற்சி கொடுக்காத பாடத்தில் தேர்வு வைத்துவிட்டு, பிள்ளைக்கு மனவலிமை இல்லை என்கிறோம்.

ஓய்வுபெற்ற அதிகாரி, திருச்சி: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதெல்லாம் சாக்குதானே?

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த நாளும் உண்டு ஐயா. 2000 சிட்னி ஒலிம்பிக், பெண்களுக்கான தனிநபர் பல்கருவி இறுதிப்போட்டி. வால்ட் 125 சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். வெற்றி பெறுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா உட்படப் பலர் விழுந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அல்லானா ஸ்லேட்டர்தான் உயரம் சரியில்லை என்று சுட்டிக்காட்டினார். அளந்து பார்த்தார்கள், அவர் சொன்னது சரி. 5 சென்டிமீட்டர் என்பது மூன்று விரல் அகலம். கை எங்கே ஊன்றும் என்று உடல் எவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கோர்கினா அடுத்து பார்கள் என்ற கம்பிக் கருவியில் ஏறினார், அங்கேயும் விழுந்தார். அது அவருடைய சொந்த வீடு போன்ற கருவி, அதன் உயரத்தில் குறை எதுவும் இல்லை. முதல் வீழ்ச்சி வால்டின் குற்றம். இரண்டாவது, முதலாவதை மனத்தில் சுமந்துகொண்டு ஏறியதன் விலை.

மாணவி, தஞ்சாவூர்: ஒரு தடவை சொதப்பிவிட்டால் அடுத்ததும் போய்விடுகிறது. எப்படி மீள்வது?

அமெரிக்காவின் ஜேட் கேரியைப் பார். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 1, வால்ட் இறுதி. ஓடிவரும்போது கால் கணக்குத் தவறியது. திட்டமிட்ட தாவலைச் செய்ய முடியாமல், எளிய ஒன்றைச் செய்து தப்பித்தார். பதக்கக் கனவு சில விநாடியில் முடிந்தது. மறுநாள் ஃப்ளோர் இறுதி. தங்கம்.

அழுவதற்கு நேரம் ஒதுக்கிக்கொள். பதக்க வரிசை முடியும்வரை இல்லை, சாக் பவுடர் பெட்டிவரை. அங்கே கை தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டிவிட வேண்டும். இதையும் பயிற்சியில்தான் பழகவேண்டும். வேண்டுமென்றே ஒரு கருவியில் பிழையோடு நிறுத்திவிட்டு, உடனே அடுத்த கருவியில் ஏறு. வாரம் ஒரு நாள் போதும்.

கடைக்காரர், காரைக்குடி: போட்டியில் பயிற்சியைவிட நன்றாகச் செய்தவர்களே கிடையாதா?

நம் நாட்டிலேயே உண்டு. அகர்தலாவின் தீபா கர்மாக்கர், 2016 ரியோ ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் வால்டில் அவர் பெற்றது 14.850, எட்டாவது இடம். ஆகஸ்ட் 14 அன்று இறுதிப்போட்டியில் 15.066, நான்காவது இடம். மேடை பெரிதானபோது மதிப்பெண்ணும் ஏறியது. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 மட்டும். கைகளை ஊன்றித் தள்ளி, முன்னோக்கி இரண்டு குட்டிக்கரணம் போடும் ‘புரொடுனோவா’ என்ற ஆபத்தான தாவலை எடுத்து, ஆழமாகக் குந்தி, அப்படியே எழுந்து நின்றார்.

அந்த இடைப்பட்ட நாட்களில் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அவருடைய கைபேசியிலிருந்து சிம் கார்டை எடுத்துவிட்டார். ஆகஸ்ட் 9 தீபாவின் பிறந்தநாள். அன்றுகூடப் பெற்றோர் மட்டுமே பேசலாம் என்று வைத்திருந்தார். நாடு முழுவதும் வாழ்த்துச் சொல்லக் காத்திருந்தது, அவர் அந்தச் சுமையை மாணவியின் தோளுக்குப் போகவிடவில்லை. எல்லோருக்கும் இதே வழி பொருந்தும் என்று சொல்லமாட்டேன். தன் மாணவிக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் பாடம்.

ஒரு தந்தை, நாகர்கோவில்: போட்டிக்கு முன் “பயப்படாதே, விழாதே” என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். போதுமா?

அதிகம். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன கதை நமக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் அதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களின் மனத்தில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. “விழாதே” என்றால் காதில் விழுவது “விழு” மட்டும்தான்.

செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்: “பார்வை கட்டையின் முனையில்”, “மூச்சை விட்டுவிட்டு ஏறு”. படபடக்கிறது என்று பிள்ளை சொன்னால், “அது உடம்பு தயாராகிற சத்தம்மா” என்று சொல்லுங்கள். மேடையில் பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்றவர்களைவிட, “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்றவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பது அலிசன் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு.

மாணவர், வேலூர்: ராசியான சாக்ஸ் போட்டால் நல்லதா?

சாக்ஸ் தொலையும், மூச்சு தொலையாது. ராசியை உன்னோடு வருகிற பழக்கத்தில் வை. ஒரு மூச்சு, ஒரு சொல், ஒரு பார்வை. பயிற்சியிலும் அதே, போட்டியிலும் அதே.

பயிற்சியாளர், விழுப்புரம்: மாவட்டப் போட்டியில் கடினமான அசைவைச் சேர்க்கலாமா, எளிதானதோடு நிறுத்தலாமா?

விதிப்புத்தகமே வழி சொல்கிறது. சிறு பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிதுக்கு 0.5, விழுந்தால் 1 முழு மதிப்பெண் போகும். கடினம் கூட்டி நீங்கள் பெறுவது பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மதிப்பெண்தான். அதற்காக ஒரு முழு மதிப்பெண்ணைப் பணயம் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. என் தீர்ப்பு: காத்திருந்து, ஆறிய உடம்போடு, முதல் தடவையிலேயே தொடர்ந்து சரியாக வருகிற அசைவு மேடைக்கு. மற்றவை கூடத்துக்கு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: சபைக் கூச்சம் பற்றி நம் முன்னோர் சொல்லவில்லையா?

வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று ஒரு முழு அதிகாரமே வைத்தார், 73ஆவது. கற்றவர்களுக்கும் சபையில் நடுக்கம் வரும் என்று தெரிந்ததால்தான் அதற்குப் பத்துக் குறள். இன்னொன்றையும் கவனியுங்கள் ஐயா. அதற்கு முந்தைய 72ஆவது அதிகாரம் ‘அவை அறிதல்’. முதலில் அவையை அறிதல், அதன்பின் அஞ்சாமை. அவர் பேசியது சொல்லாடும் சபையைப் பற்றி என்றாலும், இந்த வரிசை பீம் மீது நிற்கிற பிள்ளைக்கும் பொருந்தும். அறியாத அவையில் அஞ்சாதே என்பது வெறும் அதட்டல்.

மாணவி, திண்டுக்கல்: போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அவையை அறி. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், அம்பு எறிகிறவர்களைச் செயற்கைப் பாறைச் சுவரில் உயரத்தில் நிற்கவைத்து, லேசான பயத்தோடு பயிற்சி கொடுத்தார்கள். பின்னால் பயம் கூடியபோதும் அவர்கள் குறி தவறவில்லை. பயமில்லாமல் நிம்மதியாகப் பயின்றவர்கள் தடுமாறினார்கள். உயரம் உனக்கு வேண்டாம். காத்திருப்பும் கண்களும் போதும்.

வாரம் இரண்டு நாள் போட்டி உடையைப் போட்டுக்கொள். உடம்பைச் சூடாக்கியபின் பத்து நிமிடம் சும்மா உட்கார். தோழிகளை நடுவர் மேஜையில் உட்காரவை. ஒரு நாள் கத்தச் சொல், ஒரு நாள் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் இருக்கச் சொல். வணக்கம் வை, ஏறு, ஒரே தடவை செய், இறங்கு. விழுந்தாலும் அன்றைக்கு மறுபடி கிடையாது. அந்த ஒரு தடவையின் மதிப்பெண்ணை நோட்டில் எழுது.

ஒரு தந்தை, தூத்துக்குடி: தோற்று வந்த அன்று திட்டினேன். திருந்துவாள் என்றுதான்.

திருந்தமாட்டாள் ஐயா. அடுத்த முறை பீமில் ஏறும்போது, நடுவர்களோடு உங்கள் முகமும் சேர்ந்து அவளைப் பார்க்கும். எல்லாப் பெற்றோருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், சாப்பிட வாங்கிக் கொடுங்கள். மறுநாள் கூடத்துக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.